ஆடிக் காற்றும் விரற்கடை நெருப்பும்

ஜூலை 14, 2025, திங்கள்

மூன்று நாளாக ஒரே கதை. ராத்திரி படுக்கும்போது எரிந்துகொண்டிருக்கிற பைலட், விடியக்காலையில் போய்ப் பார்த்தால் அணைந்து கிடக்கிறது. எங்கள் கேஸ் கெய்சர் பழைய ரகம். இப்போது வருகிறவற்றில் இரண்டு பேட்டரி போட்டுவிட்டால், குழாயைத் திறந்ததும் பொறி தட்டித் தானாகப் பற்றிக்கொள்ளும். இதில் பர்னரைப் பற்றவைக்க விரற்கடை உயரத்துக்கு ஒரு சுடர் நாள் முழுக்க எரிந்தாக வேண்டும், அதுதான் பைலட். மாட்டியிருப்பது கொல்லைப்புறத்துப் பொடக்காணிச் சுவரில். மேலே ஷீட், மேற்கே வெட்டவெளி.

அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சிக்கு வெந்தண்ணி இல்லாமல் தண்ணி வாத்துக்க முடியாது. "அந்த வெறகடுப்பையே மூட்டீரு சாமி" என்கிறார். அம்மாவோ, "ஆடிக் காத்துல அம்மியே பறக்குமாமா, இது எம்மாத்திரம்" என்று வழக்கை முடித்துவிட்டார். ஆடி பிறக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது? உடுமலை ரோட்டில் காற்றாலைகள் ஜூனிலிருந்தே ஓயாமல் சுற்றுகின்றன.

ஜூலை 16, புதன்

தகரம் வாங்கி வந்து மறைப்புக் கட்டினேன். மேற்குப் பக்கம் மட்டும் கட்டியிருக்க வேண்டும். வேகத்தில் மூன்று பக்கமும் அடைத்துத் தொலைத்தேன். சாயங்காலம் தண்ணியைத் திறந்தால், நீலமாக எரிய வேண்டிய பர்னர் மஞ்சளாக நாக்கை நீட்டுகிறது. எரிவதற்குக் காற்று போதவில்லை. அரைகுறையாக எரிகிற கேஸிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு, வாசனையே இல்லாத விஷம். அதற்குப் பயந்துதான் கெய்சரைக் குளியலறைக்குள் வைக்காமல் வெளியே மாட்டினோம். நானே அதற்கு ஓர் அறை கட்டியிருக்கிறேன்! இரண்டு பக்கத் தகரத்தை உடனே பிடுங்கிப் போட்டேன்.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

மறைத்தும் அணைந்தது. சிலிண்டர் தீர்ந்திருக்கும் என்றார் மாமா. சமையலறைச் சிலிண்டரை மாற்றிப் பார்த்தேன். அதே கதை.

ஜூலை 18, வெள்ளி

மெக்கானிக் வந்தார். குமிழை அமுக்கிப் பற்றவைத்தார், அரை நிமிடம் பிடித்திருந்தார், விட்டார். எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு காற்று அடித்தது, அணைந்தது. "தெர்மோகப்புள் போச்சுங்க" என்றார்.

தெர்மோகப்புள் என்பது பைலட் சுடருக்குள் முனையை நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பி. இரண்டு உலோகங்கள் சேருகிற அந்த முனை சூடானால் துளியூண்டு மின்சாரம் பிறக்கும், வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு. அந்தத் துளிதான் ஒரு குட்டிக் காந்தத்தைப் பிடித்து கேஸ் வழியைத் திறந்து வைத்திருக்கிறது. சுடர் அணைந்தால் முனை ஆறும், காந்தம் விட்டுவிடும், "டக்" என்று வழி மூடிக்கொள்ளும். புதுசு 450 ரூபாய். மாட்டிவிட்டுப் போனார்.

ஜூலை 20, ஞாயிறு

புதுசும் அணைகிறது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. காலையில் போய்ப் பார்த்தால், குமிழை அமுக்கி வைத்து அதன்மேல் ரப்பர் பேண்டைச் சுற்றியிருக்கிறது. கைவேலை அம்மாவுடையது. "விட்டாத்தான கண்ணு அணையுது, அமுக்கியே வெச்சா எரியுதல்ல?" சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் அப்படிக் கட்டிவிட்டால் சுடர் அணைந்தாலும் கேஸ் வந்துகொண்டே இருக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு தேங்கும். நாலடி தள்ளித்தான் அப்புச்சியின் விறகடுப்பு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மாவிடம் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன், போட்டிருக்க வேண்டாம்.

ஜூலை 27, ஞாயிறு

ஒரு வாரம் மில்லில் ஷிப்ட். இன்றுதான் ஒழிந்தது. மீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எலக்ட்ரீஷியன், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. கம்பியின் மறுமுனையைக் கழற்றி மீட்டரில் பிடித்தேன், அம்மா குமிழை அமுக்கிக்கொண்டிருந்தார். 9 மில்லிவோல்ட். இருபதுக்கு மேல் இருக்க வேண்டும். கடையில் வாங்கியதே மட்டமோ என்று பழையதை மாட்டிப் பார்த்தேன். அதுவும் 9. இரண்டும் ஒரே அளவு காட்டினால் குற்றம் இரண்டிலும் இல்லை.

அப்புறம்தான் நெருப்பைச் சரியாகப் பார்த்தேன். சுடர் கம்பி முனையைச் சுற்றிப் பிடிக்கவில்லை, நுனியால் நக்கிக்கொண்டிருந்தது. காந்தம் ஏதோ உயிரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. காற்று சுடரைச் சித்தெ அக்கட்ட தள்ளினாலே போதும், டக்.

சிலிண்டரை மூடிவிட்டு பைலட் குழாயைக் கழற்றினேன். உள்ளே பஞ்சுபோல வெள்ளையாக ஓர் உருண்டை. சிலந்திக் கூடு! அதற்கு முன்னால் கேஸ் பீய்ச்சுகிற கடுகளவு பித்தளை ஜெட். வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அதன் ஓட்டையில் வெளிச்சமே வரவில்லை. ஊசியால் குத்தக் கை பரபரத்தது. குத்தினால் ஓட்டை பெருத்துவிடும், அப்புறம் சுடரின் அளவே மாறிப்போகும். பொட்டாட்ட எடுத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போனேன். கம்ப்ரசரில் ஒரே ஊது. திரும்பத் தூக்கிப் பார்த்தேன், மயிரிழை மாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி.

மாட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பற்றவைத்தேன். நீலச் சுடர், முனையைச் சுற்றிப் பிடித்தது. மீட்டரில் 24. மாட்டியிருந்தது பழைய கம்பி, அதையே விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

ஒரு வாரமாக அணையவில்லை. காற்று என்னவோ போன வாரத்தைவிட ஜாஸ்தி. முற்றத்தில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்துத் தோட்டத்தில் போய் எடுத்து வந்தேன். வீட்டில் எல்லோரும் வெந்தண்ணியில் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். ஒரு தடவை கழற்றி மாட்டிய கம்பியைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். 450 ரூபாய் மேசை டிராயரில் கிடக்கிறது. ரப்பர் பேண்டு அம்மாவின் கறிவேப்பிலைக் கட்டைச் சுற்றியிருக்கிறது.