காத்து எப்ப வரும்?

தேவனாம்பட்டினம் கடற்கரையில் காகிதக் காத்தாடி விற்கும் பெரியவர் இன்று ஒவ்வொன்றையும் வாயால் ஊதிக் காட்டித்தான் விற்றார்.

ஆடி மாதம். மேல்காற்று கடற்காற்றை உள்ளே விடாமல் மல்லுக்கட்ட, நாலரை மணி வரை ஒரு தாள்கூட அசையவில்லை. "வரும் தம்பி, எப்பன்னுதான் தெரியாது" என்றார்.

மின்வாரியத்தில் தேவைக்கும் வரத்துக்கும் கணக்குப் பார்த்து மின்சாரத்தைச் சரிக்கட்டுபவர்களின் பாடும் இதேதான்.

இந்த நேரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் பேய் பிடித்த மாதிரி சுற்றும். மே முதல் செப்டம்பர் வரைதான் அந்தக் கொண்டாட்டம். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும்.

அதற்காகக் காற்றாலையே தண்டம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2017 அக்டோபரில் நடந்த காற்றாலை மின்சார ஏலத்தில் ஒரு யூனிட்டின் விலை 2 ரூபாய் 64 காசுக்கு இறங்கியது. எரிபொருள் செலவே கிடையாதே!

ஆனால் அந்த விலையில் சேராத செலவு ஒன்று உண்டு. காற்று படுத்துவிட்டால் கைகொடுக்க நம்ம நெய்வேலி மாதிரி அனல்மின் நிலையங்கள் தயாராக நிற்க வேண்டும். அணைந்து ஆறிய கொதிகலனை மறுபடி ஓட்ட மணிக்கணக்கில் ஆகும். அதனால் தேவை குறைந்தாலும் முழுசாக அணைக்காமல், குறைத்து ஓட்டுவார்கள். அந்தக் காசும் கடைசியில் நம் தலையில்தான்.

காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. என்னைக் கேட்டால், இதுமாதிரி சேமிப்புக்கும் பணம் ஒதுக்கிவிட்டு அப்புறம் காற்றாலை விலையைப் பேசலாம்.