ஸ்லைடு தேர்வில் 40க்கு 18: டப்ளின் அரசுக் கட்டடங்களைப் படித்த கதை

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய முதுகலைப் படிப்புக்காக டப்ளினில் இருந்தபோது, இரண்டாம் செமஸ்டரில் அயர்லாந்தின் அரசுக் கட்டடங்கள் என்று ஒரு பாடம். அரசாங்கம் கட்டியது, அரசாங்க ஆர்க்கிடெக்ட் வரைந்தது, எல்லாம் ஏட்டில் இருக்கும், மனப்பாடம் செய்து தள்ளிவிடலாம் என்றுதான் எடுத்தேன். முதல் ஸ்லைடு தேர்வில் 40க்கு 18. அடுத்து இந்தப் பாடத்தை எடுக்கப் போகிற சிலர் கேட்டதால், அந்த 18 எப்படி வந்தது, பிறகு எதை மாற்றிக்கொண்டேன் என்று எழுதுகிறேன்.

தேர்வு இப்படித்தான் நடக்கும். திரையில் ஒரு கட்டடம் வரும், சில நிமிடம் நிற்கும், போய்விடும். யார் வடிவமைத்தது, எப்போது, எதை வைத்துச் சொல்கிறீர்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பாதி மதிப்பெண். நான் முதல் இரண்டுக்கு மட்டும் தயாராகிப் போயிருந்தேன். அதிலும் சொதப்பல்.

முதலில் வந்தது பஸாரஸ், அதாவது டப்ளினின் மத்தியப் பேருந்து நிலையம். மேலே அரசுத் துறை அலுவலகம், கீழே பேருந்து; அப்படியானால் அரசு ஆர்க்கிடெக்ட்தான் என்று எழுதினேன். அடுத்து டப்ளின் விமான நிலையத்தின் பழைய டெர்மினல். வெள்ளை வெளேரென்று, வளைந்து, கப்பல் தளங்கள் மாதிரி மாடிக்கு மாடி பின்வாங்கி நிற்கிறது. இவ்வளவு ஸ்டைலாக அரசு அலுவலகத்தில் யார் வரைவார்கள்? தனியார் ஆர்க்கிடெக்டான மைக்கேல் ஸ்காட் என்று போட்டேன். உண்மை நேர் தலைகீழ். 1953இல் திறந்த பஸாரஸ்தான் மைக்கேல் ஸ்காட்டின் தனியார் அலுவலகம் செய்தது. 1937இல் தொடங்கிய அந்த டெர்மினல், டெஸ்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைமையில் அரசு ஊழியர்களாக இருந்த இளம் ஆர்க்கிடெக்டுகள் சேர்ந்து வரைந்தது. ஐரிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தின் 1938-40 காலத்துக்கான தங்கப் பதக்கமும் இதற்குத்தான் போனது. அரசுக் கட்டடம் என்றால் சப்பையாக இருக்கும் என்ற என் நினைப்புக்கு ஆறு மதிப்பெண் அபராதம்.

அதனால் முதலில் சொல்வது: கட்டடத்தை யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் யார் வரைந்தார்கள் என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே பொதுப்பணி அலுவலகம் என்று ஒன்று 1831 முதல் இருக்கிறது. நம் பி.டபிள்யூ.டி. என்று வைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். தபால் நிலையம், போலீஸ் ஸ்டேஷன், பள்ளிக்கூடம், கடலோரக் காவல் நிலையம், தூதரகம் என்று எதையும் விட்டுவைக்காத அலுவலகம். ஆனால் அரசு குடியிருக்கும் கட்டடமெல்லாம் அவர்கள் வரைந்தது இல்லை. போட்டி வைத்து வெளியாளிடம் கொடுத்ததும் உண்டு.

இரண்டாவது விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என்னைக் காப்பாற்றியது அதுதான். மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் லிஃபி ஆற்றின் தென்கரையில் நின்று எதிரே இருக்கும் கஸ்டம் ஹவுஸை, அதாவது பழைய சுங்க அலுவலகத்தைப் பாருங்கள். கீழே நீளமான முகப்பு வெளிறிய போர்ட்லண்ட் கல். கண்ணை மேலே கொண்டு போனால், குவிமாடத்தைத் தாங்கும் வட்டமான பகுதி மட்டும் சாம்பல் நிறத்தில், வேறு யாரோ கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்ட மாதிரி நிற்கும். நான் நான்கைந்து தடவை அந்தப் பக்கம் போயும் அதை அழுக்கு என்றே நினைத்திருந்தேன்.

அழுக்கு இல்லை, வேறு கல். ஜேம்ஸ் கேண்டன் 1781இல் தொடங்கி 1791இல் முடித்த கட்டடம் இது. பிரிட்டிஷ் அரசின் உள்ளாட்சி நிர்வாகக் கோப்புகள் உள்ளே இருந்ததால் 1921 மே 25 அன்று, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஐ.ஆர்.ஏ. அதற்குத் தீ வைத்தது. நாள்கணக்கில் எரிந்தது. உள்ளே பெரும்பகுதி மிஞ்சவில்லை, குவிமாடமும் போனது. பிறகு அமைந்த புதிய ஐரிஷ் அரசின் பொதுப்பணி அலுவலகம் அதைத் திரும்பக் கட்டியபோது, இங்கிலாந்திலிருந்து வரும் போர்ட்லண்ட் கல்லுக்குப் பதில் மீத் கவுண்டியின் ஆர்ட்பிராக்கன் சுண்ணாம்புக்கல்லை வைத்தது. 1928இல் வேலை முடிந்தது. ஆகவே கஸ்டம் ஹவுஸ் ஸ்லைடு வந்தால் கேண்டன், 1791 என்று மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். எழுத வேண்டியது இரண்டு தேதி, இரண்டு கல், இரண்டு அரசாங்கம். அந்த நிற வேறுபாடுதான் "எதை வைத்துச் சொல்கிறீர்கள்" என்பதற்கான பதில்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும். தலைமைத் தபால் நிலையமான ஜி.பி.ஓ.வைப் பாருங்கள். 1831க்கு முன்பிருந்த பழைய பொதுப்பணி வாரியத்தின் ஆர்க்கிடெக்டாக இருந்த ஃபிரான்சிஸ் ஜான்ஸ்டன் வடிவமைப்பில் 1818இல் திறந்தது. சுவர் விக்லோ கிரானைட், தூண் மண்டபம் போர்ட்லண்ட் கல். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் முகப்பு நின்றது, பின்னால் இருந்தது எரிந்தது. இன்று வாசலைத் தாண்டி ஸ்டாம்ப் வாங்கப் போகிற ஹால் 1929இல் மறுபடி திறந்தது. வாசற்படியில் கால் வைக்கிற இடத்தில் நூறு வருஷத்தைத் தாண்டுகிறோம். நீதிமன்றக் கட்டடமான ஃபோர் கோர்ட்ஸும் அப்படியே: 1922 ஜூன் இறுதியில் பீரங்கித் தாக்குதல், பிறகு பொதுப்பணி அலுவலகத்தின் முதன்மை ஆர்க்கிடெக்ட் டி.ஜே. பைர்னின் பொறுப்பில் மறுகட்டமைப்பு. பழைய தோற்றத்தில் தெரியும் அந்தக் குவிமாடம் ஆர்.சி.சி. வெளியில் நின்று பார்த்தால் தெரியாது, கோப்பில்தான் தெரியும்.

கோப்பு என்றதும் ஓர் எச்சரிக்கை. அந்த ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில்தான் பொது ஆவணக் காப்பகம் இருந்தது, 1922 தாக்குதலின்போது நடந்த வெடிப்பில் அதுவும் போனது. அதனால் பழைய காலத்துக்குப் போகப் போகத் தடம் அறுந்துகொண்டே வரும். "ஆவணம் கிடைக்கவில்லை" என்று அசைன்மென்டில் எழுதக் கூச்சப்பட வேண்டாம். பிஷப் தெருவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் பொதுப்பணி அலுவலகக் கோப்புகள் இருக்கின்றன. மெரியன் சதுக்கம் 45இல் இருக்கும் ஐரிஷ் கட்டடக்கலை ஆவணகத்தில் வரைபடங்களும் புகைப்படங்களும் பார்க்கலாம். அவர்களுடைய ஆர்க்கிடெக்ட் அகராதி இணையத்தில் இலவசம், 1720 முதல் 1940 வரை. நான் இதை முதல் தேர்வுக்குப் பிறகுதான் திறந்தேன். சிரிக்காதீர்கள்.

அதில் 1940 என்ற எல்லையைக் கவனியுங்கள். அதற்குப் பிந்தைய கேள்வி என்றால் பெரும்பாலும் ரேமண்ட் மெக்ராத். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், 1948 முதல் 1968 வரை பொதுப்பணி அலுவலகத்தின் முதன்மை ஆர்க்கிடெக்ட். தூதரகங்களின் உள்ளலங்காரம், தரைவிரிப்பு வரை அவர் கை பட்டது. ஒரு பத்தி தயார் செய்துகொண்டால் போதும்.

ஒரு நாள் நடையில் பாதிப் பாடத்தை முடித்துவிடலாம். கஸ்டம் ஹவுஸில் தொடங்குங்கள்; பஸாரஸ் அதன் பின்னாலேயே இருக்கிறது. ஆற்றைத் தாண்டி பியர்ஸ் தெரு போலீஸ் ஸ்டேஷன், பொதுப்பணி அலுவலகம் 1915 வாக்கில் கட்டி முடித்தது. அதன் வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சாதாரணமாகப் பூவோ இலையோ செதுக்கும் இடத்தில், மீசையும் ஹெல்மெட்டுமாக அந்தக் காலத்துப் போலீஸ்காரர்களின் தலைகள் இருக்கும். பெயர் தெரியாத ஒரு கல்தச்சருக்கு அன்றைக்கு நல்ல மூட் போலிருக்கிறது. நான் அண்ணாந்து ஸ்கெட்ச் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே வந்த காவலர், "எங்க சார்ஜென்ட் ஜாடை தெரியுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அங்கிருந்து ஜி.பி.ஓ., பிறகு ஆற்றோரமாக மேற்கே ஃபோர் கோர்ட்ஸ். ஒரு சின்ன பைனாகுலர் இருந்தால் நல்லது. கல்லின் இணைப்புகள் எல்லாம் உயரத்தில்தான் இருக்கும். குடை வேண்டாம், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும், ரெயின்கோட் போதும்.

இரண்டாவது தேர்வில் 40க்கு 33. போன ஏழு மதிப்பெண்ணில் நான்கு, ஓவன் என்ற ஒரே பெயரால் போனது. 1832 முதல் 1856 வரை பொதுப்பணி அலுவலகத்தின் ஆர்க்கிடெக்ட் பொறுப்பில் இருந்தவர் ஜேக்கப் ஓவன். அவருக்குப் பின் வந்தது மகன் ஜேம்ஸ் ஹிக்கின்ஸ் ஓவன். கடலோரக் காவல் நிலையங்களை வரைந்தவர் ஈனாக் ட்ரெவர் ஓவன். ஓவன்களின் கட்டடங்கள் வந்த இரண்டு ஸ்லைடுக்கும் நான் வெறும் "ஓவன்" என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு, "எந்த ஓவன்?" என்று எழுதியிருந்தார்.