ராக் ஸ்லைடரும் ஸ்டீல் பம்பரும் பட்டறையில் செய்து வாங்கும் வழி

கரடுமுரடான வழியில் வண்டியின் பக்கவாட்டு அடிப்பகுதி பாறையில் உட்கார்ந்தாலும் நசுங்காமல் தாங்கும் குழாய்ச் சட்டம்தான் ராக் ஸ்லைடர். பட்டறையில் போய் ‘ராக் ஸ்லைடர்’ என்றால், ‘ஃபுட்போர்டுதானே சார்?’ என்ற கேள்விதான் முதலில் வரும். அங்கேயே நிறுத்திப் பேசிவிடுவது நல்லது. ஃபுட்போர்டு என்று நினைத்துச் செய்தால் 2 மி.மீ. குழாயைப் பாடியின் விளிம்பில் நாலு போல்ட்டில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பார்வைக்குக் குறை இருக்காது. முதல் பாறையில் வண்டி உட்காரும்போது குழாய் மேலே மடங்கி, கதவுக்குக் கீழுள்ள தகட்டையும் உள்ளே தள்ளிவிடும். அப்புறம் கதவு திறக்காது. பாறை கொடுக்கும் அடி எந்த வழியாகச் சேசிஸுக்குப் போகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்ட முடிந்தால்தான் அது ஸ்லைடர். அந்தக் கோடு பாடியைத் தொடவே கூடாது.

ஜிம்னி, ஹைலக்ஸ், லேண்ட் குரூசர், ராங்ளர் போன்ற தனிச் சேசிஸ் வண்டிகளுக்குத்தான் இங்கே எழுதியிருப்பது பொருந்தும். டஸ்டர், லாடா நிவா மாதிரி பாடியும் சேசிஸும் ஒன்றாக இருக்கும் வண்டிகளில் அடியை நீளமான தகடுகளில் பரப்ப வேண்டும். அது வேறு வேலை.

முதலில் குழாய்ச் சுவரின் தடிமன் கணக்கு. வண்டி 2 டன் என்றால் ஒரு பக்க ஸ்லைடரில் 1 டன் உட்காரும். வெளிக்குழாய் சேசிஸிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது, அதைச் சேசிஸோடு இணைக்க மூன்று கால்கள், ஒவ்வொன்றும் 50×50×4 மி.மீ. சதுரக் குழாய் என்று வைத்துக்கொள்வோம். எடை மூன்றிலும் சமமாகப் பிரிந்தால் கால் ஒன்றில் தகைவு சுமார் 100 மெகாபாஸ்கல், சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) வளையத் தொடங்குவது 250-ஐ ஒட்டி. சௌகரியம்தான். ஆனால் பாறை பங்கு பிரித்துக் கொடுக்காது. அதே 1 டன் ஒரே காலின் நுனியில் விழுந்தால் 300-ஐ நெருங்கும், கால் வளைந்துவிடும். இதில் வண்டி குதித்து இறங்கும் அடியைச் சேர்க்கவே இல்லை. அதனால் நீள வண்டிக்கு நான்கு கால்கள், ஒவ்வொரு காலின் அடியிலும் முக்கோண முட்டுத் தகடு, கால்களை இணைத்து ஓடும் உட்குழாய் ஒன்று. 3 மி.மீ. போதும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

குழாய் வாங்கும்போது பைப்புக்கும் டியூபுக்கும் உள்ள குழப்பம் நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது. ‘ஒன்றரை அங்குல பைப்’ என்பது பெயரளவுதான், அதன் வெளிவிட்டம் 48.3 மி.மீ. டியூபை வெளிவிட்டத்தை வைத்தே அழைப்பார்கள். ஒன்றே முக்கால் அங்குல டியூப் என்றால் 44.45 மி.மீ. ஒன்றின் டையில் (வளைக்கும் அச்சில்) இன்னொன்றை வளைத்தால் வளைவு சப்பையாகும், உள்பக்கம் மடிப்பு விழும். பட்டறையில் எந்த அளவுக்கு டை இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் குழாய் வாங்குங்கள். வளைக்கும்போது குழாயின் வெல்டிங் தையல் வளைவின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வராமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அங்கேதான் இழுப்பும் நசுக்கமும் மிகக் குறைவு. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) குழாய் வேண்டாம். வெல்டு செய்யும்போது துத்தநாகப் புகை கிளம்பும், அன்று இரவே வெல்டருக்குக் காய்ச்சல் வரும், வெல்டிலும் குமிழி விழும்.

அளவெடுக்கும்போது வண்டி சமதரையில் நான்கு சக்கரத்திலும் நிற்க வேண்டும், ஜாக்கியில் தொங்கக் கூடாது. சேசிஸில் ஒட்டும் தகடு ஒவ்வொன்றுக்கும் அட்டையில் மாதிரி வெட்டி, ‘இடது’, ‘வலது’, ‘முன்’ என்று எழுதி வையுங்கள். இடதைத் திருப்பிப் போட்டு வலது செய்யலாம் என்று நினைப்பது பெரிய தவறு. ஒரு பக்கம் பெட்ரோல் டாங்க் இருக்கும், இன்னொரு பக்கம் சைலன்சர். கால்களின் இடைவெளி ஒத்துப்போகாது. பாடி மவுண்ட் ரப்பர், பிரேக் பைப், ஒயரிங், ஃபில்டர் கழற்ற வேண்டிய இடம் எல்லாவற்றையும் சாக்பீஸால் குறித்துவிட்டு, மீதி இருக்கும் இடத்தில்தான் கால்.

குழாய்க்கும் பாடிக்கும் இடையே 15 முதல் 20 மி.மீ. விடுங்கள். பாடி ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸ் முறுக்கும்போது இரண்டும் தனித்தனியாக அசையும். ஒட்டி வைத்தால் அழகுதான், ஆனால் பெயின்ட் தேயும், சத்தம் வரும். கால்கள் வெளிப்பக்கமாகப் போகும்போது 10 டிகிரி போல மேலே ஏறட்டும். வெளிக்குழாயின் பின்முனையைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிட்டால், மரத்தையோ பாறையையோ உரசித் திரும்பும்போது பின்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு தப்பிக்கும்.

போல்ட்டா வெல்டிங்கா என்பதில் என் ஓட்டு போல்ட்டுக்கு. கழற்றிப் பெயின்ட் அடிக்கலாம், வளைந்தால் மாற்றலாம். பெட்டி வடிவச் சேசிஸை ஊடுருவிப் போல்ட் போட்டு முறுக்கினால் சுவர் உள்ளே குழியும். உள் அகலத்துக்குச் சரியாக வெட்டிய குழாய்த்துண்டை நடுவே வைத்தாக வேண்டும். புதுத் துளை போடுவதாக இருந்தால் பக்கச் சுவரின் நடுவில் மட்டும் போடுங்கள், மேல் கீழ் முகங்களில் வேண்டாம். போல்ட் தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும்.

வெல்டிங்தான் என்றால் 5 மி.மீ. தகட்டின் முனைகளைச் சாய்வாகவோ வட்டமாகவோ வெட்டி, சேசிஸின் நீளவாக்கில் ஓடும் விளிம்புகளை மட்டும் வெல்டு செய்யச் சொல்லுங்கள். சேசிஸுக்குக் குறுக்கே செங்குத்தாக ஒரு வெல்டு கோடு இழுத்தால் பிற்பாடு விரிசல் அந்தக் கோட்டின் ஓரமாகவே ஓடும். வேலை தொடங்கும் முன் பேட்டரி ஒயர்களைக் கழற்றி, எர்த் கிளாம்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி, பெட்ரோல் லைனை ஒதுக்கிக் கட்டுங்கள். சேசிஸ் உள்ளே மெழுகு பூசியிருந்தால் புகையும், பற்றவும் கூடும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் வண்டியிலேயே வைத்து டேக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் அடித்து, பிறகு கழற்றித் தரையில் முழு வெல்டு செய்வதுதான் முறை. இங்கேதான் அவசரம் வேலையைக் கெடுக்கும். ஒன்றரை மீட்டர் குழாயில் கால்களை ஒரே பக்கம் வரிசையாக வெல்டு செய்துகொண்டே போனால், ஆறும்போது குழாய் அந்தப் பக்கம் வில்லாக வளையும். கொண்டுவந்து மாட்டினால் நடுத் தகடு பொருந்தும், கடைசித் தகடுகள் பொருந்தாது. கனமான ஐ-பீமில் கிளாம்ப் போட்டு, 40 மி.மீ. துண்டுகளாக, ஒரு முனை முடித்து எதிர்முனை என்று மாறி மாறிப் போக வேண்டும். போல்ட் 5 மி.மீ. நகர இடம் விட்டுத் துளைகளை நீள்துளையாக வெட்டி, தடித்த வாஷர் போட்டால் மீதி நெளிவு சமாளிக்கக்கூடியதுதான்.

முன் பம்பரில் முதல் எதிரி எடை. எஃகுத் தகட்டின் எடை, ஒரு சதுர மீட்டருக்கு மி.மீ. ஒன்றுக்கு 7.85 கிலோ. 5 மி.மீ. தகடு என்றால் 39 கிலோ. வின்ச்சும் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார் உருளை) சேர்ந்து மொத்தம் 80 கிலோ, அது முன் அச்சுக்கு 80 செ.மீ. முன்னால் தொங்குகிறது, வீல்பேஸ் (இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம்) 2.4 மீட்டர் என்றால், முன் அச்சில் ஏறுவது சுமார் 107 கிலோ. பின் அச்சில் 27 கிலோ குறையும். முன்பக்க ஸ்பிரிங் மாற்றும் செலவையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். முழுவதும் 5 மி.மீ. வேண்டியதில்லை; வெளித்தோல் 3 மி.மீ., வின்ச் தட்டு 6 மி.மீ., சேசிஸில் பிடிக்கும் கைகள் 8 மி.மீ. என்று பிரித்தால் எடை கணிசமாகக் குறையும்.

ஏர்பேக் இருக்கும் வண்டியில், சேசிஸ் முனையில் மோதலின்போது நசுங்குவதற்கென்றே வைத்த பெட்டிகள் இருக்கும். பம்பர் வசதிக்காக அவற்றை வெட்டவோ தகடு போட்டு இறுக்கவோ கூடாது. அடி வரும் விதம் மாறினால் ஏர்பேக் விரியும் நேரமும் மாறும். ரேடார், பார்க்கிங் சென்சார் முன்னால் எஃகு வரக் கூடாது. பம்பருக்கு விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, ஆர்டருக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

8,000 முதல் 12,000 பவுண்டு வரை இழுக்கும் வின்ச்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு போல்ட் அமைப்பு 254×114.3 மி.மீ.; முன்னால் கயிறு வரும் ஃபேர்லீடு போல்ட் இடைவெளியும் 254. வின்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு பம்பரைக் கட்டுங்கள். கிளட்ச் நெம்புகோலைத் திருப்பக் கை போகிறதா, போல்ட்டுக்கு ஸ்பானர் போகிறதா என்று தகடு மூடும் முன்பே பார்க்க வேண்டும். ஷாக்கிள் (கயிறு கோர்க்கும் யூ வடிவ இரும்பு வளையம்) மாட்டி இழுக்கும் காதுகளை வெளித்தோலில் ஒட்ட வைக்காதீர்கள். 20 மி.மீ. தகட்டைத் தோலில் வெட்டிய பிளவு வழியாக உள்ளே நுழைத்து, சேசிஸ் கையோடு இருபக்கமும் வெல்டு செய்ய வேண்டும். முக்கால் அங்குல ஷாக்கிளின் வேலைச்சுமை 4.75 டன், அதன் குறுக்கே போகும் பின்னின் விட்டம் சுமார் 22 மி.மீ.; காதில் துளை 25 போதும். இந்த வெல்டுக்கு 7018 வகை வெல்டிங் ராடு, ஈரம் படாமல் வைத்தது.

டேக் நிலையில் ஒரு முன்சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சமதரையில் இடிக்காத டயர் இங்கே பம்பர் மூலையில் இடிக்கும்.

பின் பம்பரில் ஸ்டெப்னியைத் திறக்கும் கையில் மாட்டினால் கீலின் தாங்கியில்தான் எல்லாம்: கூம்பு பேரிங் இரண்டு, மேலும் கீழும். வெறும் புஷ் போட்டால் சில மாதங்களில் கை தொங்கி, பூட்டு விழாது.

பெயின்டுக்கு முன் சோதனை. ஸ்லைடரின் நடுக்காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையே கட்டை வைத்து, டிராலி ஜாக்கியால் அந்தப் பக்கச் சக்கரங்கள் தரையை விடும் வரை ஏற்றுங்கள். அடியில் ஸ்டாண்டு வைக்காமல் யாரும் குனிய வேண்டாம். ஏற்றும் முன் பாடி இடைவெளி 16 மி.மீ., ஏற்றியபின் 13, இறக்கியதும் மறுபடி 16 என்றால் சரி. 14-லேயே நின்றுவிட்டால் எங்கோ நிரந்தரமாக வளைந்திருக்கிறது. பெரும்பாலும் காலின் அடித் தகட்டில். ஏற்றிய நிலையில் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள்.

பெயின்டில் பவுடர் கோட்டிங் பம்பருக்குச் சரி, ஸ்லைடருக்கு வீண். ஒரு கல் சிராய்த்ததும் அதன் அடியில் துரு ஊர்ந்து, தோல் தோலாக உரியும். ஸ்லைடருக்குப் பிரைமரும் சாதாரண எனாமலும் போதும், பிரஷ்ஷாலேயே திருத்தலாம். எதுவாக இருந்தாலும் கசடும் வெல்டு தெறிப்பும் கிரைண்டரில் போக வேண்டும். ஒவ்வொரு குழாயின் தாழ்ந்த முனையிலும் 6 மி.மீ. வடிகால் துளை வையுங்கள். உருகிய துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங் என்றால் இதைவிடப் பெரிய துளைகள் இரு முனையிலும் கட்டாயம். மூடிய குழாய் 450 டிகிரியில் வெடிக்கும்.

கடைசியாக மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் விரலால் ஏற்றிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சில் முறுக்குங்கள், எம்12, 8.8 தரத்துக்கு 80 நியூட்டன் மீட்டர் சுற்றில். தகட்டுக்கு அடியில் இருக்கும் பெயின்ட் நசுங்குவதால் முதல் 100 கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். மறுபடி முறுக்கி, நட்டின் குறுக்கே பெயின்ட் பேனாவால் கோடு போட்டுவிட்டால், அடுத்த தடவை அடியில் படுக்கும்போது எது நகர்ந்தது என்று ஒரே பார்வையில் தெரியும்.