காட்டில் பொறுக்கிய 38 மூட்டைகள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், வண்டியை ஓரங்கட்டிச் சாப்பிட வசதியான ஒரு வளைவு. தடுப்புச்சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தால் சரிவு முழுக்க பாட்டில், டயப்பர், சிப்ஸ் கவர். நீலகிரியில் 5 லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் கீழேயிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் எங்கள் தெருக்காரர்கள் சிலர் அதைப் பொறுக்கி எடுக்க இறங்கினோம்.

அது காப்புக்காடு. நல்ல காரியம்தானே என்று அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது, அது குற்றம். மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம், வனச்சரகருக்கு நகல். என் முதல் கடிதம் திரும்பி வந்தது, அதில் தவறு என்னுடையதுதான். எந்த இடம், எத்தனை பேர், எத்தனை மணிக்கு வெளியே வருவோம், எதுவுமே எழுதவில்லை. இரண்டாவதில் கையால் வரைந்த வரைபடமும் 26 பேரின் பெயர், போன் நம்பரும் வைத்தேன்.

தேதிதான் பெரிய விஷயம். சுற்றுலா சீசன் முடிந்ததும் ஜூனில் வைக்கலாமா என்று கேட்டேன். அது பலாப்பழ காலம், குஞ்சப்பனை பக்கம் யானை ஏறி வரும், வேண்டவே வேண்டாம் என்றார் வனவர். அக்டோபர், நவம்பரில் மழை, மண்சரிவு. பிப்ரவரி பிறந்தால் காட்டுத்தீ பயம். கடைசியில் பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, காலை 8 முதல் 12 வரை, கூடவே வேட்டைத் தடுப்புக் காவலர் இருவர். அந்த மாதத்தில் அட்டைத் தொல்லையும் குறைவு.

கடினமான கையுறை, ஷூ, ஆளுக்கு ஒரு குச்சி. எந்த கவரையும் முதலில் குச்சியால் புரட்டிப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும், அடியில் பாம்பு இருக்கலாம். உடைந்த கண்ணாடிக்கு இரட்டைச் சாக்கு, அதைப் பெரியவர்கள் மட்டும் எடுத்தோம். டீயை எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தோம்.

பத்து மணி இருக்கும். காவலர்களில் ஒருவர், "அக்கா, இங்க வாங்க" என்று கூப்பிட்டு ஒரு காய்ந்த யானை லத்தியைக் குச்சியால் பிரித்துக் காட்டினார். உள்ளே பிஸ்கட் கவர், முழுசாக, அதன் பெயரைக்கூடப் படிக்க முடிந்தது. எங்களில் யாருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. அதன் பிறகு யாரும் சின்னத் துண்டைக்கூட விட்டுவிட்டு நகரவில்லை.

நாங்கள் சிக்கிக்கொண்டது பொறுக்கி முடித்த பிறகு. குப்பை ஏற்ற வண்டி தருவதாகச் சொன்ன இடத்திலிருந்து வரவில்லை, போனும் எடுக்கவில்லை. சாலையோரம் 38 மூட்டை. அப்படியே ராத்திரிக்கு விட்டுப் போனால் கரடியும் பன்றியும் கிழித்துப் பழையபடி காட்டுக்குள் இழுத்துவிடும். தெரிந்தவர் ஒருவருடைய, தேயிலை ஏற்றும் பிக்கப்பைக் கெஞ்சி வாங்கி மூன்று நடை அடித்தோம், இருட்டிவிட்டது. ஆகவே செய்ய நினைக்கிறவர்கள் ஆள் சேர்க்கும் முன்பே வண்டியைப் பேசிவிடுங்கள், மாற்று வண்டி ஒன்றையும் சேர்த்து.

அப்புறம், மண்ணும் ஈரமும் ஒட்டிய பிளாஸ்டிக்கை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு ஷெட்டில் நான்கு நாள் உலர்த்தி, உதறி, பிரித்துத்தான் கொடுக்க முடிந்தது. இந்த வேலைக்கு வந்தது ஐந்தே பேர். மது பாட்டில்களில் உடையாமல் டாஸ்மாக் கடை ஸ்டிக்கரோடு இருந்தவை 64. உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய காலி பாட்டில் திரும்பப்பெறும் திட்டத்தில் ஒன்றுக்கு 10 ரூபாய் கிடைத்தது. அந்த 640 ரூபாய் பிக்கப்பின் டீசலுக்குப் போனது.

வளைவுக்கு நேர் கீழே, செங்குத்தான பகுதியில் கிடப்பதை எடுக்கவில்லை. கயிறு கட்டி இறங்கத் தெரிந்தவர்கள் வேண்டும். வனவரிடம் சொல்லியிருக்கிறோம், அடுத்த ஜனவரிக்குப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.