வீராவுக்கு ஈரல் துண்டு

எங்க வீடு காவேரிப்பட்டணத்துக்கு வெளிய மாந்தோப்புக்குள்ள இருக்கு, தோப்பு தாண்டுனா சேலம் பெங்களூர் ஹைவே. அந்த ரோட்ல லாரி போற வேகம் இந்தப் பக்கம் ஆளுங்களுக்கு நல்லா தெரியும். வீரா நாட்டு நாய்க்குட்டி, நாள் முழுக்க கட்டிப்போட மனசு வரல, அவுத்து விட்டா ஒரே ஓட்டம், தொண்டை கிழிய கத்துனாலும் திரும்பிப் பாக்க மாட்டான். ஷேக்ஹேண்ட் குடுக்குறதெல்லாம் அப்புறம், கூப்ட்டா வரணும், இத மட்டும் எப்பிடியாவது சொல்லிக் குடுத்துடணும்னு முடிவு பண்ணேன்.

மொதல்ல பிஸ்கட்ட கைல காட்டிக் காட்டிக் கூப்ட்டேன். வந்தான். ஒரு வாரத்துல என்னாச்சுன்னா, கை காலியா இருந்தா தூரத்துலயே நின்னு கையப் பாத்துட்டு அப்பிடியே போயிடுவான். அப்பா பாத்துட்டு "நீ லஞ்சம் குடுத்துப் பழக்கிட்டடா"ன்னாரு. உண்மைதான், வேல முடிஞ்சப்புறம் குடுத்தாதான் கூலி. அன்னையிலருந்து தீனிய பாக்கெட்லயே வெச்சுக்கிட்டேன், வந்து நின்னதுக்கப்புறம்தான் கையே உள்ள போகும்.

இன்னொரு தப்பும் நடந்திருக்கு. நாங்க "வா"ன்னு கூப்ட்டதெல்லாம் சங்கிலி போட, இல்லன்னா குளிப்பாட்ட. அவனுக்கு அந்த வார்த்தையே ஆகாமப் போச்சு. அதனால அத விட்டுட்டு "ஓடியா"ன்னு புதுசா ஆரம்பிச்சோம், ஓடியான்னா நல்லது மட்டும்தான் நடக்கணும், வீட்ல எல்லாருக்கும் இத கண்டிப்பா சொல்லிட்டேன்.

அவன் என் பக்கம் திரும்புன அந்த நொடியே "சபாஷ்", கிட்ட வந்ததும் உடனே துண்டு. நாலஞ்சு செகண்ட் கழிச்சுக் குடுத்தா அதுக்குள்ள மண்ண மோந்திருப்பான், அதுக்குத்தான் குடுத்தோம்னு நெனச்சுக்குவான். ரஷ்யாவுல பாவ்லோவ்னு ஒருத்தர், செரிமான ஆராய்ச்சிக்காக 1904ல நோபல் வாங்குனவரு, சோறு வர்றதுக்கு முன்னாடியே நாய்ங்களுக்கு எச்சில் ஊறுறத கவனிச்சாரு. சபாஷ்ங்கற சத்தம் வேல செய்யிறதும் அப்பிடித்தான், துண்டு வரப்போவுதுன்னு காதுலயே தெரிஞ்சுடுது.

என்ன குடுக்குறதுங்கறதும் முக்கியம். எங்க வீட்ல தெனமும் ராகி களி, அவனுக்கும் அதான், அதையே உருட்டிக் குடுத்தா எதுக்கு ஓடி வருவான்? கோழி ஈரல உப்பு போடாம வேக வெச்சு பாதி நெலக்கடல அளவுக்கு நறுக்கி வெச்சுக்குவேன். கொழம்புல இருந்து எடுத்துக் குடுக்கவே கூடாது, வெங்காயம் பூண்டு நாய்க்கு விஷம், திராட்சையும் சாக்லேட்டும் அதே மாதிரிதான். மாம்பழச் சதை கொஞ்சம் குடுக்கலாம், கொட்டைய மட்டும் விட்றாதீங்க, முழுங்கிட்டா குடல்ல அடைச்சுக்கும். தீனி குடுத்த அன்னைக்கு சோத்துல கொறச்சிடுவேன், ஒரு நாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல தீனி போகக்கூடாதுன்னு சொல்றாங்க.

மொதல்ல வீட்டுக்குள்ள, அப்புறம் வாசல்ல, அப்புறம் தோப்புல நீளமா ஒரு கயிறு கட்டி. பத்து தடவ கூப்ட்டா ஒம்பது தடவ துண்டு குடுத்துட்டு திரும்ப வெளையாட விட்டுடுவேன். இதுதான் நெறைய பேர் செய்யிறதில்ல, கூப்ட்டாலே ஆட்டம் முடிஞ்சுதுன்னா எந்த நாய் வரும் சொல்லுங்க. நல்லா பழகுனப்புறம் ஒரு தடவ துண்டு, ஒரு தடவ வெறும் தடவிக் குடுக்குறது, திடீர்னு ஒரு நாள் மூணு துண்டு, எப்ப என்ன வரும்னு தெரியாததால இன்னும் வேகமா வர்றான்.

போன மாசம் ஒரு கீரியத் தொரத்திக்கிட்டு ரோட்டுப் பக்கம் வேலி வரைக்கும் போயிட்டான், "ஓடியா"ன்னு ஒரே கத்து, அப்பிடியே நின்னு திரும்பி ஓடி வந்தான். எனக்கு கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சு, பாக்கெட்ல இருந்த அத்தன ஈரலையும் அவன் முன்னாடி கொட்டிட்டேன். பக்கத்துத் தோட்டத்து ஆடுங்களப் பாத்தா மட்டும் இன்னும் கேக்க மாட்டேங்குறான், அதனால அந்தப் பக்கம் போறப்ப கயிறு இன்னும் கழுத்துலதான் இருக்கு.