செய்தி வந்தால் சர்வரைப் பார்

கணினித் துறையில் வேலை என்று தெரிந்துவிட்டால் போதும், எந்த போன் வாங்கலாம், ஏஐ வந்து எல்லார் வேலையையும் பிடுங்கிக்கொள்ளுமா என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டுக்குமே என்னிடம் உருப்படியான பதில் கிடையாது. நான் பார்ப்பது சர்வர் பராமரிப்பு. தொழில்நுட்பச் செய்திகளைத் தினமும் படிக்கிறேன், ஆனால் படிக்கும்போது மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இது நம்மிடம் இருக்கிறதா? புதுச் சிப், ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கியது, மேடையேறி யாரோ சொன்ன ஆருடம் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுவேன். 'இந்தப் பதிப்புக்கு இனி அப்டேட் வராது' என்று எங்கோ மூலையில் கிடக்கும் வரிதான் என் அடுத்த மாதத்தைத் தீர்மானிக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. லாக்4ஜே என்பது ஜாவா மொழியில் எழுதிய புரோகிராம்கள் தங்கள் நடவடிக்கைகளைப் பதிவு செய்யப் பயன்படுத்தும் லைப்ரரி, அதாவது யாரோ எழுதி வைத்ததை நாம் எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் கோடு. வெறும் குறிப்பேடு. ஆனால் எழுதச் சொன்ன வரிக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முகவரி ஏதாவது இருந்தால், எழுதுவதோடு நிற்காமல் அந்த முகவரிக்கே போய், அங்கிருப்பதை எடுத்துவந்து இயக்கியும் விடும். லாகின் பக்கத்தில் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் அந்த வரியைத் தட்டினால் போதும். 'இந்தப் பெயரில் யாரும் இல்லை' என்று லாக் எழுதப் போன இடத்திலேயே சர்வர் அடுத்தவன் கைக்குப் போய்விடலாம். அபாய மதிப்பெண் 10-க்கு 10 கொடுத்திருந்தார்கள்.

"நம்மகிட்ட இது இருக்கா?" என்றார் மேலாளர். "நாங்க அதை யூஸ் பண்றதே இல்லையே சார்" என்றார்கள் டெவலப்பர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் எழுதிய கோடில் அது இல்லைதான். அவர்கள் சேர்த்திருந்த லைப்ரரி சேர்த்திருந்த இன்னொரு லைப்ரரிக்குள் இருந்தது. ஜாவா புரோகிராமை மூட்டை கட்டி வைக்கும் ஜார் கோப்புக்குள் ஒரு ஜார், அதற்குள் இன்னொன்று என்று வெங்காயம் உரிப்பதுபோல் உரிக்க வேண்டியிருந்தது. கோப்பின் பெயரை வைத்துத் தேடினால் பாதிதான் அகப்படும். இதாவது நம் வீட்டுச் சமாசாரம். விலை கொடுத்து வாங்கிப் போட்ட மென்பொருள்களுக்குள் என்ன இருக்கிறது என்று நாங்கள் எங்கே போய்ப் பார்ப்பது? விற்றவர்களுக்கு மெயில் போட்டால், ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றே எல்லாரும் பதில் எழுதினார்கள். இதற்கிடையில் ஓட்டையை அடைத்த 2.15.0 பதிப்பு வந்தது. அது போதாது என்று 2.16.0, அப்புறம் 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. ஒரு சுற்று முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த சுற்று. இத்தனையையும் திருத்திக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள் என்பதை, அவர்களைத் திட்டித் தீர்த்த பலர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்த நாட்களில் எங்களுக்குக் கைகொடுத்தது விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. டீமில் மூத்தவர் ஒருவர் எக்செல் ஷீட் ஒன்று வைத்திருந்தார். எந்த சர்வரில் என்ன ஓடுகிறது, எந்தப் பதிப்பு, கடைசியாகத் தொட்டது யார் என்று வருடக்கணக்கில் நிரப்பி வந்தது. அதுவரை அதைக் கேலி பேசாதவர்கள் குறைவு. அதிலும் தப்புகள் இருந்தன. ஆனாலும் எங்கே தொடங்குவது என்று அது சொன்னது.

2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் விவகாரம் வந்தபோது நிலைமை வேறு. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் டெவலப்பர். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளுக்குள் யாரோ திருட்டுத்தனமாக நுழையப் பின்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக உதவிசெய்து நம்பிக்கையைச் சம்பாதித்தவர். அரை விநாடி! அதே தாமதம் என் மேஜைக்குப் புகாராக வந்திருந்தால், 'நெட்வொர்க் மெதுவாக இருக்கும், கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள்' என்றுதான் எழுதி அனுப்பியிருப்பேன். நாங்கள் தப்பியதற்குக் காரணம் எங்கள் திறமை இல்லை. பின்கதவு 5.6.0, 5.6.1 என்ற புத்தம் புதுப் பதிப்புகளில் மட்டும் இருந்தது. எங்களிடம் ஓடியது பழசு.

இதில்தான் எனக்கும் மேலாளருக்கும் இன்றுவரை தீராத வழக்கு. லாக்4ஜே வந்தபோது, அப்டேட்டை உடனே போடாதவன் முட்டாள் என்றார்கள். எக்ஸ்இசட் வந்தபோது உடனே போட்டவன்தான் மாட்டிக்கொண்டான். அந்த வருடமே ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய ஒரு சின்னக் கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. தப்பான கோப்பைச் சுமார் 80 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கனவே விழுந்த கணினிகளில் பலவற்றுக்கு ஆள் போய், அத்தியாவசியமானதை மட்டும் இயக்கும் சேஃப் மோடில் ஏற்றி அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. புதுப் பதிப்பு வேண்டாம், ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம் என்று கவனமாக அமைத்திருந்தவர்களும் தப்பவில்லை. அந்த அமைப்பு இந்த வகைக் கோப்புகளுக்குப் பொருந்தாது. மேலாளருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே விதி வேண்டும், அறிக்கையில் எழுத வசதி. பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றே, புது வசதி என்றால் ஊரெல்லாம் போட்டுப் பார்த்த பிறகு என்பது என் கட்சி. இரண்டும் ஒரே அப்டேட்டில் சேர்ந்து வந்தால் என்ன செய்வாய் என்கிறார். நியாயமான கேள்விதான். அப்படி வருகிற ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்கிறோம்.

இப்போது ஏஐ எழுதிக் கொடுக்கும் கோடு வேறு வருகிறது. நன்றாகவே எழுதுகிறது, ஆனால் பத்து வரியில் கையால் முடிக்கக்கூடியதற்கு ஒரு லைப்ரரியைச் சேர்த்து வைப்பதையும் பார்க்கிறேன். சேர்த்த ஒவ்வொன்றும் என்றாவது ஒருநாள் "நம்மகிட்ட இருக்கா?" என்று திரும்பி வரும்.

எக்செல் ஷீட் வைத்திருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். பட்டியலை இப்போது ஒரு கருவி தானாகவே தயாரிக்கிறது, ஜாருக்குள் இருக்கும் ஜார் வரைக்கும் போய்ப் பார்க்கிறது. விற்பனையாளர்களிடமும் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கேட்கிறோம். சிலர் தருகிறார்கள், சிலர் அது ரகசியம் என்கிறார்கள். அவருடைய ஷீட்டில் 'யாரைக் கேட்க வேண்டும்' என்று கடைசியாக ஒரு நெடுவரிசை இருந்தது. அதைக் கருவியால் நிரப்ப முடியவில்லை. நாங்களே கையால் நிரப்பி வருகிறோம், அதில் பாதிப் பெயர்கள் வேலையை விட்டுப் போனவர்களுடையவை.