பெரியவனின் வலது முழங்கை

2024 ஜூலை 20, சனி

பேஸ்பால் ஆட்டம், நாலாவது இன்னிங்ஸ். பந்தை விட்ட அடுத்த நொடியே பெரியவன் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கிறது. "டப்புன்னு ஒரு சத்தம்மா, உள்ளேர்ந்து." காரில் வரும்போது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போச்சு என்றான். ஐஸ் பையைப் பிடித்திருந்த இடது கை வீடு வரும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. 16 வயதுதான் ஆகிறது.

2024 ஜூலை 31, புதன்

மூட்டுக்குள் சாயம் ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தார்கள். முழங்கையின் உட்பக்க ஜவ்வு முழுசாகக் கிழிந்திருக்கிறது. மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உட்புறமாகக் கட்டி வைத்திருக்கும் சின்னப் பட்டை அது. பிட்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிபவர், கையைப் பின்னுக்கு வளைத்து முன்னால் சுழற்றும்போது முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். அதைப் பிளக்காமல் பிடித்து வைப்பது இந்த ஜவ்வுதான். ஒரே பந்தில் அறுந்ததில்லை, ரொம்ப நாளாக நைந்து வந்திருக்கிறது என்றார் டாக்டர்.

இரவு எறிந்த பந்துகளை எண்ணி எழுதிய பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தேன். மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி டீமுக்கு 82 பந்து. அதே வார ஞாயிறு கிளப் டீமுக்கு 58. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் உச்சம், 76 எட்டினால் 4 நாள் ஓய்வு என்று இங்கே அமெரிக்காவில் பேஸ்பால் அமைப்புகள் வழிகாட்டுதல் போட்டிருக்கின்றன. பள்ளி நோட்டில் எல்லாம் சரி. கிளப் நோட்டிலும் எல்லாம் சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்தான் யாரும் இல்லை. இரண்டு மைதானத்துக்கும் அவனை ஏற்றிக்கொண்டு போனது நான். வருஷத்தில் 4 மாதம் போட்டிகளில் பிட்ச் பண்ணவே கூடாது என்றும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. இவன் 2 வருஷமாக 3 வாரம்கூடச் சேர்ந்தாற்போல் கையை ஆறப்போட்டதில்லை. தூக்கம் வரவில்லை.

2024 ஆகஸ்ட் 14, புதன்

சர்ஜரி முடிந்தது. கிழிந்த ஜவ்வைத் தைத்து ஒட்டவில்லை. புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, மேல்கை எலும்பிலும் முன்கை எலும்பிலும் துளை போட்டு, அதற்குள் கோத்து இழுத்துக் கட்டுவது. அந்த நாண் இல்லாவிட்டாலும் கை வேலை செய்யும். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் கயிறு மாதிரி புடைக்குமே, அதுதான். காத்திருந்த அறையில் நானும் இவரும் செய்து பார்த்தோம். எனக்குப் புடைத்தது. இவருக்கு இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே இருக்காதாம். அவர்களுக்குத் தொடையிலிருந்து எடுப்பார்கள்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, "விரல் அசையுதாம்மா?" அசைந்தது.

2024 செப்டம்பர் 25, புதன்

6 வாரம். பிரேஸைக் கழற்றிவிட்டார்கள். கை பாதியாக இளைத்திருக்கிறது. முழங்கையின் உட்புறம் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு.

இன்றோடு இந்த சர்ஜரிக்கு 50 வயது. 1974-இல் இதே தேதியில் லாஸ் ஏஞ்சலிஸில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் டீமின் பிட்சர் டாமி ஜானுக்கு முதன்முதலாகச் செய்தார். அவர் பெயரில்தான் இதை டாமி ஜான் சர்ஜரி என்கிறார்கள். இடது கைக்காரருக்கு வலது மணிக்கட்டிலிருந்து நாண். திரும்ப ஆட 100-க்கு 1 வாய்ப்புதான் என்று சொல்லிவிட்டே செய்திருக்கிறார். அப்புறம் நரம்பு படுத்தியதில் விரல்கள் மடங்கிப்போய், டிசம்பரில் இன்னொரு சர்ஜரி. 1975 முழுக்க ஒரு ஆட்டம்கூட இல்லை. 1976 ஏப்ரலில் வந்தவர் 1989 வரை ஆடினார். வாழ்நாளில் 288 வெற்றி, அதில் 164 சர்ஜரிக்குப் பிறகு. பெரியவனிடம் இதைச் சொன்னபோது வெற்றிக் கணக்கு அவன் காதில் ஏறவில்லை. "1975 முழுக்க அவர் என்னம்மா பண்ணினார்?" என்றுதான் கேட்டான்.

2024 நவம்பர் 9, சனி

பிசியோ சொன்ன புதுப் பயிற்சி: ஒரு வாளி நிறைய அரிசி. அதில் மணிக்கட்டு முங்கக் கையை விட்டு விரல்களை விரிக்கணும், மடக்கணும், பிசையணும், திருகணும். முழங்கைக்கு உட்பக்கமாக ஓடும் முன்கைத் தசைகள்தான் ஜவ்வின் சுமையில் பங்கு எடுத்துக்கொள்பவை. அவை தேற வேண்டும். புழுங்கலரிசி மூட்டையை அப்படியே கவிழ்த்தேன். கூடம் முழுக்க சரக் சரக்கென்று சத்தம். 3 நிமிஷத்தில் முகம் வேர்த்துவிடுகிறது. வீடியோ காலில் பார்த்த ஆச்சி, "கீழ சிந்தாம பாத்துக்கோ ராசா, முடிஞ்சதும் குருவிக்குப் போட்டுருங்க" என்றார்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

காலையில் பொங்கல் வைத்தேன். மாலையில் முதல் எறிதல். 45 அடி தூரம், 25 பந்து, ஓய்வு, மறுபடி 25. அவ்வளவுதான். மணிக்கு 84 மைல் போட்ட பையன், சின்னவனுக்குப் போடுவது மாதிரி மெதுவாகப் போடுகிறான். கடைசிப் பந்து முடிந்ததும் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். நான் பக்கத்தில் போகவில்லை.

2025 ஏப்ரல் 12, சனி

இந்த மாதங்கள்தான் எனக்குப் பயம். வலியே இல்லை. 120 அடியிலிருந்து நேராக வந்து விழுகிறது பந்து. "நல்லாத்தானே போடறான், மே மாசம் 2 இன்னிங்ஸ் போடட்டுமே" என்று ஒரு கோச் கேட்டார். வலி போனதும் ஜவ்வு தயார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நட்டு வைத்த நாண் முதலில் உயிரில்லாத கயிறு மாதிரிதான். அதற்குள் ரத்தக்குழாய் வளர்ந்து, புது செல்கள் குடியேறி, நாண் மெல்ல மெல்ல ஜவ்வாக மாற வேண்டும். அது பல மாத வேலை. கடுமையாக உழைத்தால் சீக்கிரம் முடிகிற வேலையும் இல்லை. ஆட்டத்துக்குத் திரும்ப 12 முதல் 18 மாதம் என்று சொல்வது இதனால்தான். முடியாது என்று நானே சொல்லிவிட்டேன். பெரியவன் 2 நாள் என்னோடு பேசவில்லை. சரி, பரவாயில்லை.

2025 ஜூன் 16, திங்கள்

ராத்திரி 9 மணிக்கு மேல் டிவி முன்னால் நாலு பேரும். பேட்டிங், பிட்சிங் இரண்டும் செய்யும் ஜப்பான் வீரர் ஷோஹெய் ஒட்டானி டாட்ஜர்ஸுக்காக முதல் தடவை பிட்ச் பண்ணினார். 2018-இல் இதே சர்ஜரி, 2023 செப்டம்பரில் அதே முழங்கையில் மறுபடியும் ஒரு சர்ஜரி. போன வருஷம் பேட்டிங் மட்டும் செய்து 54 ஹோம் ரன், ஓடித் திருடிய பேஸ் 59. இன்று ஒரே ஒரு இன்னிங்ஸ், 28 பந்து, போதும் என்று எடுத்துவிட்டார்கள். பெரியவன் விரல்விட்டு எண்ணினான். "21 மாசம்மா. அவருக்கே." அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் அரிசி வாளியை இழுத்து வைத்துக்கொண்டான்.

2025 ஜூன் 21, சனி

மவுண்டில், பிட்சர் நின்று எறியும் மேட்டில், ஏறினான். நேர்பந்து மட்டும், பாதி வேகம், 20 பந்து. இருபதாவது கேட்சரின் கையுறையில் நடுவாகப் போய் விழுந்தது. "இன்னும் ரெண்டு போடேன், அருமையா வருது" என்றார் கோச். "இருபது ஆயிடுச்சு சார்" என்று இறங்கிவிட்டான்.

இப்போது இரண்டு டீமுக்கும் ஒரே நோட்டு. தேதி போட்டு 20 என்று எழுதினேன். அடுத்தது செவ்வாய்.